அருகில் நிற்பவரின் சொல்



ஓராண்டுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அவருக்கு மூன்று மாதங்கள்கூட நிறைவுறவில்லை. முதல் வேலை கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் இருக்கும் என எதிர்பார்த்தோம், இருந்ததோ வாட்டம்.

நடந்தது இதுதான். புட்டிகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கும் பிரிவில் அவருக்குப் பணி. நகரும் பட்டையில் புட்டிகள் முன்னால் வந்துகொண்டிருக்கும். காலிப் பெட்டிகளோ முதுகுப்புறம் குவிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை திரும்பிக் குனிந்து நிமிர வேண்டும். மாலையில் இடுப்பு ஒடிந்துவிடும் போலிருக்கும். 'காலிப் பெட்டிகளை முன்புறத்தில் ஒரு சாய்ந்த பலகையின் மேல் அடுக்கினால், ஒன்றை எடுத்தவுடன் அடுத்தது தானே சரிந்து கைக்கு வந்துவிடுமே' என்று அவருக்குத் தோன்றிற்று. தேநீர் வேளையில் உடன் பணியாற்றுவோரிடம் ஆர்வத்தோடு அதைச் சொன்னார். ஒருவர் சிரித்தார், அவரைப் பார்த்து மற்றவரும் சிரித்தனர். "வந்து மூன்று மாதம் ஆகவில்லை, எங்களுக்கே பாடம் நடத்த வந்துவிட்டாயா?" என்றார் ஒருவர். அன்றுமுதல் 'இன்சினீயர்' என்பது அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

அவர் சொல்லி முடித்ததும் நாம் அளித்த அறிவுரை வருமாறு: "தம்பி, புதிய இடம். மூத்தவர்களை அனுசரித்து நட. உன் வேலை உண்டு, நீ உண்டு என்று இரு." நல்ல அறிவுரை கூறிவிட்டோம் என்னும் நிறைவோடு அவரை அனுப்பி வைத்தோம்.

அண்மையில் அவரை மீண்டும் சந்தித்தோம். வேலை நிரந்தரமாகிவிட்டது, வீட்டில் பெண் பார்க்கிறார்கள். "உன் யோசனைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன?" என்று விளையாட்டாகக் கேட்டோம். "இப்போதெல்லாம் எனக்கு யோசனையே வருவதில்லை, சாமி" என்றார். அவர் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். அதுவே நம்மைச் சுட்டது.

சிரித்தவர்கள் அவரது யோசனையைத் தடுத்தார்கள். அந்தத் தடையை நிலைபெறச் செய்தவர்கள் நாம். நம் அறிவுரை தவறு என்பதை இன்று இப்பக்கத்தில் ஒப்புக்கொள்கிறோம். அது ஏன் தவறு என்பதை, உலகம் அறிந்த சில நிகழ்ச்சிகளைக் கொண்டு எண்ணிப் பார்ப்போம்.

அலுவலகங்களில் கோப்புகளின் மேலும், மாணவர் புத்தகங்களின் உள்ளேயும் மஞ்சள் நிறச் சிறு தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஒட்டினால் ஒட்டும், எடுத்தால் கிழியாமல் வரும், மீண்டும் ஒட்டலாம். 'போஸ்ட்-இட்' என்பது அதன் பெயர். இன்று எளிதாகத் தோன்றும் இப்பொருள் உருவாகி நாடெங்கும் கடைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதன் கதை ஒரு தனிமனிதரின் கதையன்று. ஒரே நிறுவனத்தில் பணியாற்றிய பலரின் கதை.

அமெரிக்க நாட்டு மினசோட்டா மாநிலத்தில் 'திரீ-எம்' என்னும் நிறுவனம் உள்ளது. அங்கே ஸ்பென்சர் சில்வர் என்னும் வேதியியலார், மிகுந்த வலிமையுள்ள பசை ஒன்றைக் காண முயன்றுகொண்டிருந்தார். 1968-ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்ததோ அதற்கு நேர்மாறான ஒன்று. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய உருண்டைகளாலான அப்பசை மெல்லத்தான் ஒட்டியது. எளிதில் பிரிந்து வந்தது. வலிய பசையைத் தேடியவருக்கு இது தோல்வியே. எனினும், இதற்கும் ஏதோ ஒரு பயன் இருக்க வேண்டும் என்று சில்வர் நம்பினார். என்ன பயன் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. ஊசி குத்தாமல் தாள்களை ஒட்டிவைக்கும் அறிவிப்புப் பலகை செய்யலாமோ என்று எண்ணிப் பார்த்தார். நிறுவனத்துக்குள்ளே கருத்தரங்குகள் நடத்தி, ஆண்டுக்கணக்கில் உடன் பணியாற்றுவோரிடம் அப்பசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

அவ்வாறு கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃபிரை. அவர் வேறொரு பிரிவைச் சேர்ந்தவர். கேட்டார், மனத்தில் வைத்துக்கொண்டார். அவர் தம் ஆலயத்துப் பாடகர் குழுவில் பாடுபவர். வார நடுவில் பாடற்பயிற்சியின்போது, ஞாயிறன்று பாடவேண்டிய பாடல்களுக்குப் பாட்டுப் புத்தகத்தில் தாள் துண்டுகளை அடையாளமாக வைப்பார். ஞாயிறன்று புத்தகத்தைத் திறந்தால் அவை உதிர்ந்துவிடும். பக்கத்தைத் தேடுவதற்குள் பாடல் தொடங்கிவிடும். நம் பாடகர் குழுவினருக்கு இத்துன்பத்தை விளக்க வேண்டியதில்லை! 1974-ஆம் ஆண்டில் ஒரு நாள், உதிரும் தாளைக் கண்டபோது, சில்வரின் பசை அவர் நினைவுக்கு வந்தது. புத்தகத்தைக் கிழிக்காமல் ஒட்டி நிற்கும் அடையாளத்தாள்! சில்வரிடம் விடை இருந்தது, கேள்வி இல்லை. ஃபிரையிடம் கேள்வி இருந்தது, விடை இல்லை. இரண்டும் சேர்ந்ததற்குக் காரணம், ஒருவர் பேசியபோது மற்றவர் சிரிக்காமல் கேட்டதே.

கதை இத்துடன் முடியவில்லை. பசை தாளிலேயே தங்காமல், ஒட்டிய பக்கத்திலும் படிந்துவிடும் என்னும் குறை இருந்தது. ரோஜர் மெரில், ஹென்றி கோர்ட்னி என்னும் இருவர், பசையைத் தாளோடு பிணைக்கும் ஒரு பூச்சைக் கண்டுபிடித்து அக்குறையை நீக்கினர். ஒருமுறை ஃபிரை, ஓர் அறிக்கையின் மேல் அத்தகைய தாளில் ஒரு கேள்வியை எழுதி ஒட்டி மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர் அதே தாளிலேயே பதிலை எழுதித் திருப்பி ஒட்டியனுப்பினார். 'இது புத்தக அடையாளம் மட்டுமன்று. ஒருவர் மற்றவரோடு பேசுவதற்கான கருவி' என்பது அப்போதுதான் ஃபிரைக்கு விளங்கிற்று. மஞ்சள் நிறம்கூடத் திட்டமிட்டு வந்ததன்று. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் கழிவாகக் கிடந்த தாள் மஞ்சளாக இருந்தது, அவ்வளவே. 1977-இல் வேறு பெயரில் நான்கு நகரங்களில் விற்றுப் பார்த்தபோது வரவேற்பில்லை. மறு ஆண்டு பாய்சி என்னும் நகரில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கிய பிறகே மக்கள் கேட்டு வாங்கத் தொடங்கினர். 1980-இல் அது நாடெங்கும் விற்பனைக்கு வந்தது.

அந்நிறுவனத்தின் வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். பணியாளர் தம் நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைத் தாம் விரும்பும் ஆய்வில் செலவிடலாம் என்னும் உரிமையை அது அளித்திருந்தது. நல்ல ஏற்பாடே. ஆனால் நிறுவனம் நேரத்தைத்தான் கொடுக்க இயலும்; கேட்கும் காதை யார் கொடுப்பது? அதை உடன் பணியாற்றுவோர்தாம் கொடுத்தாக வேண்டும்.

"அவர்கள் படித்த ஆராய்ச்சியாளர்கள், நம் பிள்ளைகளோ ஆலையில் உடலை வருத்தி உழைப்பவர்கள்" என்று நீங்கள் கூறக்கூடும். அப்படியாயின் ஆலைக்கே செல்வோம்.

கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரிமான்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே மேலாளருக்கும் தொழிலாளருக்கும் ஓயாத பூசல். ஐவரில் ஒருவர் வேலைக்கு வராத நிலை. எது நேர்ந்தாலும் கார்கள் நகரும் வரிசையை நிறுத்தக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத கட்டளை. கண்ணெதிரே பழுதான கார் நகர்ந்து சென்றாலும் தொழிலாளி வாய் திறப்பதில்லை. 1982-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

1984-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை மீண்டும் திறந்தன. புதிதாகச் சேர்க்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்களே. அதே கட்டடம், அதே தொழிற்சங்கம். எனினும் 1986 முடிவதற்குள், உற்பத்தித் திறனில் அது ஜெனரல் மோட்டார்ஸின் பிற தொழிற்சாலைகளை எல்லாம் விஞ்சிவிட்டது. தரத்தில் டொயோட்டாவின் ஜப்பானியத் தொழிற்சாலைக்கு ஏறக்குறைய நிகராக நின்றது. மனிதர்கள் மாறவில்லை, பின் என்னதான் மாறிற்று?

தொழிலாளர் சிறு சிறு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களோடு நின்று வேலை செய்யும் ஒரு தலைவர். வரிசையின் நெடுக ஒரு கயிறு. குறை ஒன்றைக் கண்ட எவரும் அக்கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார், 'ஏன் இழுத்தாய்?' என்று அதட்டுவதற்காக அன்று, 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்பதற்காக. முன்பெல்லாம் பொறியாளர் ஒருவர் கடிகாரத்தோடு வந்து தொழிலாளியின் வேலையை அளந்து, இப்படிச் செய் என்று கட்டளையிடுவார். இப்போது கடிகாரம் தொழிலாளரின் கைக்கே வந்தது. குழுவினர் ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, யாருடைய முறை எளிது, எது உடலுக்குத் தீங்கற்றது, எது விரைவானது என்று தமக்குள் பேசி, நல்ல முறையைத் தாமே வகுத்தனர். பின்னர் அதையும் மேலும் திருத்தினர்.

இதற்கு அடித்தளமாக நின்ற மற்றொன்று உண்டு. இயன்றவரை எவரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று நிர்வாகம் தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 1988-இல் விற்பனை சரிந்து தொழிற்சாலை முழு அளவில் ஓடாதபோதும் அச்சொல்லைக் காத்தது. வேலையின்றி நின்றவர்களைப் பயிற்சியிலும் வேலைமுறைகளைத் திருத்தும் குழுக்களிலும் ஈடுபடுத்தியது. 2010-இல் அக்கூட்டுத் தொழிற்சாலை மூடப்பட்டது உண்மையே. ஆயினும் அது கற்பித்த பாடம் மூடப்படவில்லை.

இந்த உடன்படிக்கையைப் பற்றி எண்ணியபோதுதான், நம் இளைஞரைப் பார்த்துச் சிரித்தவர்களின் மனம் நமக்குச் சற்றே விளங்கிற்று. அவர்கள் கொடியவர்கள் அல்லர். பெட்டி எளிதாகக் கைக்கு வந்தால், 'மணிக்கு இத்தனை பெட்டி' என்னும் கணக்கை நிர்வாகம் உயர்த்திவிடும். நான்கு பேர் செய்யும் வேலைக்கு மூவர் போதும் என்று சொல்லிவிடும். அந்த நால்வரில் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒருவர் யார்? இவ்வச்சத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாதபோது மனிதர் சிரிக்கின்றனர். ஏளனம் பல வேளைகளில் அச்சத்தின் போர்வையே. ஆகவே, பொறுப்பில் இருப்பவர்கள் நம் வாசகரில் எவரேனும் இருப்பின், அவர்களுக்கு ஒரு சொல்: உழைப்பவரின் யோசனை அவரையோ அவருடைய தோழரையோ வேலையிலிருந்து வெளியேற்றும் என்றால், ஆலோசனைப் பெட்டியைச் சுவரில் மாட்டுவதில் பயனில்லை, அது காலியாகவே தொங்கும்.

நல்ல தோழமை என்றால் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டும், குறைகளை மூடிமறைத்துக்கொண்டும் இருப்பது என்று எண்ணுவோரும் உளர். அஃதன்று. எமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியை, மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாகப் பணியாற்றும் குழுக்களில் தவறுகள் குறைந்திருக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். கணக்கில் கண்டதோ, அத்தகைய குழுக்களில்தாம் தவறுகள் மிகுதி! திகைத்துப்போய் மேலும் ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. நல்ல குழுக்களில் தவறுகள் மிகுதியாக நேரவில்லை; மிகுதியாக வெளியே சொல்லப்பட்டன. ஏனைய குழுக்களில் செவிலியர் அஞ்சி மறைத்தனர். 1996-இல் அவர் இதை வெளியிட்டார். பின்னர் 1999-இல், ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 'இங்கே மனம் திறந்து பேசினால் என்னை இழிவு செய்யமாட்டார்கள்' என்னும் நம்பிக்கை உள்ள குழுக்களே கற்றுக்கொண்டு முன்னேறுகின்றன என்று காட்டினார்.

தவறைச் சொல்லும் துணிவும் புதியதைச் சொல்லும் துணிவும் ஒரே வேரில் முளைப்பவை. 'நான் தவறிவிட்டேன்' என்று சொல்ல இயலாத இடத்தில், 'எனக்கொன்று தோன்றுகிறது' என்றும் எவரும் சொல்லமாட்டார். இடித்துரைப்பதும் தோழமையே, எள்ளி நகைப்பதுதான் தோழமைக்குப் பகை.

ஆகவே, ஆலையிலோ, அலுவலகத்திலோ, பள்ளியிலோ, மருத்துவமனையிலோ பிறரோடு சேர்ந்து உழைக்கும் நம் குடும்பத்தினர் அனைவருக்கும் சிலவற்றைப் பரிந்துரைக்கிறோம். அருகில் நிற்பவர் புதிதாக ஒன்றைச் சொன்னால், முடியும்வரை கேளுங்கள். 'ஆகாது' என்பதற்கு முன் ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேள்வி யோசனையைச் செதுக்கும், சிரிப்பு அதைச் சிதைக்கும். யோசனை பலித்தால் அது யாருடையது என்பதை மேலிடத்தில் சொல்லுங்கள். பிறர் யோசனைக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்பவர், அதன்பின் வேறெதையும் கேட்கப் பெறமாட்டார். பலிக்காது என்றால் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் சொல்லி மறுக்கப்பட்டவர் மீண்டும் யோசிப்பார்.

இளையோருக்கும் ஒரு சொல் உண்டு. பலர் நடுவே, தேநீர்க் கோப்பைகளின் சலசலப்பில், உங்கள் யோசனையை முதன்முதலாக அவிழ்க்காதீர்கள். பட்டறிவுள்ள ஒருவரைத் தனியே அணுகுங்கள். 'இது ஏன் இப்படி இருக்கிறது, அண்ணே?' என்று கேட்டுத் தொடங்குங்கள். பழைய ஏற்பாட்டுக்குப் பின்னே நீங்கள் அறியாத காரணம் இருக்கலாம். சில்வரைப்போல், கசப்பின்றித் திரும்பத் திரும்பப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெற்றோரே, இது உங்கள் வீட்டிலும் தொடங்குகிறது. சம்பளம் எவ்வளவு, மிகுதி நேர வேலை உண்டா என்று பிள்ளைகளைக் கேட்கிறோம். 'இன்று உனக்கு என்ன தோன்றிற்று?' என்று கேட்பதில்லை. பேச வாய் திறக்கும் பத்து வயதுச் சிறுவனை 'பெரியவர்கள் பேசும்போது உனக்கென்ன?' என்று அடக்கும் வீட்டில், இருபது வயதில் வாய் மூடி நிற்கும் தொழிலாளி உருவாகிறான்.

முடிவாக, நம் இளைஞரைப் பற்றி. நம் தவறை உணர்ந்தபின் அவரை அழைத்தோம். அந்தச் சாய்ந்த பலகையைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னோம். தயங்கி வரைந்தார். அன்று முதலில் சிரித்த மூத்த தொழிலாளியிடமே தனியே சென்று காட்டும்படி வேண்டினோம். அவரும் மறுக்காமல் சென்றார். மூத்தவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தாராம். "முன்னால் பலகை வைத்தால் தள்ளுவண்டி போகாது, தம்பி. வண்டி போகும் வழி அது. ஆனால் தலைக்கு மேலே சாய்வாகத் தொங்கவிட்டால்...?" என்றாராம். இருபது ஆண்டுகள் அங்கே நின்றவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி அது.

அவர்கள் இதை இன்னும் மேலாளரிடம் கொண்டு செல்லவில்லை. பெட்டிக் கணக்கு உயர்ந்துவிடுமோ என்னும் அச்சம் இருவருக்கும் இருக்கிறது. அதற்கான உறுதியை எப்படிக் கேட்பது என்று சங்கத்தாரோடு பேசி வருகின்றனர். நிறைவேறுமா என்பதை நாம் அறியோம். ஆனால் சென்ற ஞாயிறன்று அவ்விளைஞர் நம்மிடம் வந்து, "சாமி, மூடி திருகும் இடத்திலும் ஒன்று தோன்றுகிறது" என்று தொடங்கினார்.

இம்முறை நாம் முழுவதையும் கேட்டோம்.